கோட்டுக்கு உள்ளே நின்ற குருவி

காட்டில் அன்று எருமைகளுக்கும் பன்றிகளுக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டம். ஒரு பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஆள்காட்டிக் குருவி நடுவர், மறுபக்கத்துக்குக் கொக்கு. பந்தோடு ஓடுகிறவர் கோட்டை மிதித்தால் அவுட்; உடனே விசில் ஊத வேண்டும்.

கொக்கு கோட்டைவிட்டு ஆறடி வெளியே தள்ளி நின்றது. குருவியோ உள்ளே புகுந்து, பந்து போகும் இடமெல்லாம் கூடவே ஓடியது.

“வெளியே வந்து நில்லும்மா. உள்ளே நின்னா கோடு தெரியாது,” என்றது கொக்கு, இடைவேளையில்.

“உங்களை மாதிரி நின்னா தூங்குறேன்னு சொல்லுவாங்க அண்ணே. வேடிக்கை பார்க்குற குரங்குங்க எனக்குத்தானே கை தட்டுது?”

கடைசி நிமிடத்தில் பன்றிகளின் தலைவன் பந்தைக் கவ்விக்கொண்டு குருவியின் கோட்டோரமாகப் பாய்ந்து வந்தான். உயிர் பிழைத்தால் போதுமென்று குருவி கண்ணை இறுக மூடிக்கொண்டு எகிறிக் குதித்தது. திறந்து பார்த்தபோது பன்றிகள் ஜெயித்திருந்தன.

“அவன் கோட்டை மிதிச்சான்! நீ பக்கத்துலதானே இருந்தே, சொல்லு!” என்று எருமைகள் கத்தின.

“என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். மிதிக்கவே இல்லை,” என்றது குருவி.

அதற்குமேல் யார் பேசுவது? பன்றிகள் குருவியைத் தலைவனின் முதுகில் ஏற்றி ஊர்வலம் கிளம்பின. அந்த உயரத்திலிருந்துதான் குருவிக்குக் கோடு முழுசாகத் தெரிந்தது. அதன் நடுவே ஒரு குளம்படி பதிந்திருந்தது. குனிந்து பார்த்தால், தலைவனின் முன்னங்காலில் சுண்ணாம்பு.

குரங்குகள் கை தட்டிக்கொண்டே இருந்தன. குருவி விசிலை மெல்ல இறகுக்குள் ஒளித்துக்கொண்டது.