தொட்டிக்கு எதற்கு மூடி

குளித்து முடித்ததும் சாருல் தொட்டியின் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். ரப்பர் அடைப்பான் கையோடு வந்தது. தொட்டி நிறைய இருந்த வெந்நீர் சுழன்று சுழன்று இறங்கிப் போனது.

அவளுக்குத் திருப்தியாக இருந்தது. பஞ்சை எடுத்துத் தொட்டியை உள்ளும் புறமும் தேய்த்தாள். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் மூடியைக்கூட விடவில்லை. தொட்டிக்கு எதற்கு மூடி என்று ஒரு நொடி யோசித்தாள். பணக்கார நாடு, எதற்கு வேண்டுமானாலும் மூடி போடுவார்கள்.

மங்கோலியாவின் உலான்பாட்டரிலிருந்து ஜப்பானின் சப்போரோவுக்குப் படிக்க வந்து இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. கல்லூரி விடுதியில் ஷவரில் குளித்துக் கொண்டிருந்தவள், தங்கிப் படிக்க நிஷியோ வீட்டுக்கு அன்றுதான் பெட்டியோடு வந்திருந்தாள்.

குளிக்கப் போகும்போது அந்த வீட்டுப் பெண் சிஹோ துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, உங்க ஊர்ல எல்லாம் எப்படிக் குளிப்பீங்க?"

"இதே மாதிரிதான். தொட்டி இருக்கு. ஆளாளுக்குப் புதுத் தண்ணி."

"அடேயப்பா, பெரிய இடம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் சிஹோ.

சாருலுக்கு அது போதும். நாகரிகம் தெரியாதவள் என்று பேர் வாங்கிவிடக் கூடாது. விமானம் ஏறியதிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

அவள் வெளியே வந்ததும், சிஹோவின் அம்மா மாற்றுத் துணி வைக்கக் குளியலறைக்குள் போனாள். வரக் கொஞ்சம் நேரமானது. திரும்பி வந்தபோது முகம் எப்போதும்போல் இருந்தது.

"நல்லா குளிச்சியாம்மா? சூடு போதுமா?"

சிஹோவின் அப்பா நிஷியோ வேலையிலிருந்து வந்தார். பஸ் டிரைவர். வெந்நீரில் வெகுநேரம் கிடந்தால்தான் முதுகு நிமிரும் என்று சிஹோ சொல்லியிருந்தாள். ஏப்ரல் பிறந்தும் வாசலில் பனி உருகவில்லை. நடையில் கணவனும் மனைவியும் ஏதோ கிசுகிசுத்தார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாருல் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னப் பெட்டி. தொட்டி நிரம்பியதும் அது பாட்டுப் பாடி, குளியல் தயார் என்று ஒரு பெண் குரலில் வீட்டுக்கே அறிவிக்கும். அவளுக்காக நிரப்பியபோது அப்படித்தான் பாடியது. இப்போதும் பாடும் என்று காத்திருந்தாள்.

பாடவில்லை.

நிஷியோ போன வேகத்தில் வெளியே வந்தார். தலை ஈரம். மூக்கைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"ஆகா, நல்ல சூடு" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"ஆமா ஆமா, ஆவி பறக்குது" என்றாள் சிஹோ.

அம்மா முறைத்தாள். சிஹோ வாயை மூடிக்கொண்டு குளிக்கப் போனாள். அவளும் சீக்கிரமே வந்தாள். அவளும் நல்ல சூடு என்றாள்.

பெட்டி பாடவே இல்லை.

சீப்பை மறந்துவிட்டேன் என்ற சாக்கில் சாருல் குளியலறைக்குப் போனாள்.

தரை ஈரமாக இருந்தது. தொட்டி அவள் தேய்த்து வைத்தபடியே காலியாகக் கிடந்தது. அடைப்பானும் அவள் வைத்த இடத்திலேயே, விளிம்பின் மேல். இரண்டு பேரும் ஷவரைத் திறந்து மேலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சுவரோரம் அந்த மூடி நின்றது. அது எதற்கு என்று இப்போது புரிந்தது. அடுத்தவர் வரும்வரை தண்ணீர் ஆறாமல் இருக்க. இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே தண்ணீர். விருந்தாளி என்று அவளை முதலில் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி நிரப்பினால் பெட்டி பாடி அவளைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றுதான் யாரும் குழாயைத் திறக்கவில்லை.

அந்த மனிதரின் முதுகை நினைத்தாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

சாப்பாட்டு மேசையில் மீனும் முட்டைக்கோசும் போட்ட சட்டி கொதித்துக் கொண்டிருந்தது. மூவரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊர்ப் பழக்கம் வேறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நம்பவும் செய்வார்கள்.

சாருல் உட்காரவில்லை.

"எங்க வீட்ல தொட்டியே கிடையாதும்மா" என்றாள். "வீடே கம்பளிக் கூடாரம்தான். அப்பா தெருமுனையிலேருந்து கேன்ல தண்ணி இழுத்துட்டு வருவார். ஒரே ஒரு தகர பேசின். முதல்ல அப்பா, அப்புறம் அண்ணனுங்க, அப்புறம் அம்மா. எல்லாருக்கும் அதே தண்ணி. நான்தான் கடைசி."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இந்த வீட்டுத் தண்ணீரைக் கொட்டியதைவிட, அப்பா பனியில் இழுத்து வந்த தண்ணீரை இல்லையென்று சொன்னது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

நிஷியோ சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாளைலேருந்து இங்கயும் நீதான் கடைசி. கடைசியாக் குளிக்கறவங்கதான் அடைப்பானைப் பிடுங்கணும், தெரிஞ்சுக்கோ."

"அப்பாடா" என்றாள் சிஹோ. "தொட்டி தேய்க்கிற வேலை என் தலைய விட்டு இறங்குச்சு."

சாருல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் நிஷியோ, அதுவரை அடக்கி வைத்திருந்த தும்மலையெல்லாம் தும்மித் தீர்த்தார்.