நிற்காத எழுபத்திரண்டு மணி நேரம்

தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி. கண்கள் மட்டும்தான் தெரிந்தன; அவையும் மூன்று நாளாகச் சரியாக மூடவில்லை. "இன்னும் ரெண்டு மணி நேரம்தான்" என்றார் பக்கத்தில் இருந்த மேடம், கடிகாரத்தைப் பார்த்தபடி.

பயப்பட வேண்டாம், ஆள் உயிரோடுதான் இருந்தார். தூசு நுழையக் கூடாத அந்த அறையில் எல்லோருக்கும் அதே உடுப்புதான். சிப் தகடுகளைக் கழுவும் இயந்திரத்தை விற்ற கம்பெனியிலிருந்து, அதை நிறுவ வந்தவர் அவர். சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும் என்பதால் கம்பெனியில் அவருக்குத் 'திருப்புளி' என்றே பெயர். மேடம், இயந்திரத்தை வாங்கிய ஆலையின் பொறியாளர்.

ஒப்பந்தம் எளிது. இயந்திரம் எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால், மேடம் ஏற்புத் தாளில் கையெழுத்துப் போடுவார். நடுவில் நின்றால் யாரால் நின்றது என்று எழுத அந்தத் தாளில் இரண்டு கட்டங்கள்: 'இயந்திரத்தால்', 'ஆலையால்'. இயந்திரத்தால் என்றால் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓட வேண்டும்; ஆலையால் என்றால் அது கணக்கில் வராது.

எழுபது மணி நேரம் முடிந்திருந்தது. இரண்டு கட்டங்களும் காலி.

சுவர் தொலைபேசி அடித்தது. கம்பெனியின் கணக்குப் பிரிவு; அதாவது, திருப்புளியின் மனைவி.

"என்னங்க, கையெழுத்து ஆச்சா?"

"ரெண்டு மணிக்குத்தான் ஆகும். நச்சரிக்காத."

"நான் எங்க நச்சரிக்கிறேன்? மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னாடியே நிக்கிறாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்தக் காலாண்டுக் கணக்கை மூடறோம்."

"அதான் அறுபது கோடியில முக்கால்வாசி வந்துடுச்சே! மிஷினும் இங்க வந்து மூணு மாசம் ஆச்சு. அப்புறம் என்ன?"

"பணம் வந்தா போதாதுங்க. ஏத்துக்கிட்டோம்னு அவங்க கையெழுத்துப் போடற வரைக்கும் அது நம்ம வருமானம் இல்ல, நம்மகிட்ட இருக்கற அவங்க பணம். எத்தனை தடவை சொல்றது?" அவள் குரல் தாழ்ந்தது. "போன காலாண்டுலயே ரெண்டு மிஷின் தள்ளிப்போச்சு. இதுவும் போனா உங்க பிரிவையே மூடிடறதா பேசிக்கிறாங்க. ஒன்பது பேருங்க."

ஒன்பது பேரில் அவருடைய தம்பியும் ஒருவன். வற்புறுத்தி வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான்.

போனை வைத்தபோது, கண்ணாடிக்கு வெளியே குழாய்க்காரர் ஒருவர் நின்று கையை ஆட்டினார். "இதோ வந்துடறேன் சார்" என்று மேடம் எழுந்து போனார்.

பன்னிரண்டு பத்துக்கு இயந்திரம் நின்றது.

திரையில் 'தண்ணீர் அழுத்தம் குறைவு' என்று சிவப்பில் ஒரு வரி. அந்தப் பம்ப்! வந்த வாரமே தகராறு செய்து, இவர் கழற்றி மாட்டிய பம்ப். "பாவி, இன்னும் ரெண்டு மணி நேரம் உன்னால பொறுக்க முடியாதா?" என்று அதனிடமே கேட்டார்.

கழற்றிப் பார்க்கக் கை வைப்பதற்குள் அழுத்தம் தானாகவே ஏறியது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. நின்றது இரண்டே நிமிடம். அறையில் வேறு யாரும் இல்லை.

இரண்டு நிமிடத்துக்காக இன்னும் மூன்று நாளா? மூன்று நாள் என்றால் அது அடுத்த காலாண்டு. நிறுவ வருபவர்களுக்கென்று ஒரு கடவுச்சொல் உண்டு, பழுது பார்ப்பதற்காகக் கொடுத்தது. இருபது வருடத்தில், இயந்திரம் தானே எழுதிக்கொள்ளும் பதிவில் ஒரு வரியைக்கூடத் தொட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற மனிதர்தான். அந்தக் கடவுச்சொல்லைத் தட்டினார். பதிவிலிருந்து சிவப்பு வரி மறைந்தது.

மறுபடி தொலைபேசி.

"எங்கயும் நிக்கலையே?"

"நிக்கல."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? நின்னிருந்தா நின்னுச்சுன்னே சொல்லுங்க. வர்றதைப் பாத்துக்கலாம்."

"நிக்கலைன்னு சொல்றேன்ல!"

கட்டியவளிடம் அவர் இதுவரை இப்படிப் பொய் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

இரண்டு மணிக்கு மேடம் அரக்கப் பரக்க வந்தார். கையில் மடித்த ஏற்புத் தாளும் பேனாவும். "மன்னிச்சுக்கங்க சார், வெளியே ஒரே களேபரம். வந்து உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரமில்ல." முகமூடிக்கு மேல் கண்கள் சிரித்தன. "நல்ல மிஷின்தான் குடுத்திருக்கீங்க. பதிவை மட்டும் ஒரு தடவை பாத்துடறேன்."

பார்த்தார். மேலே போனார், கீழே வந்தார். மறுபடி மேலே போனார். கண்களில் இருந்த சிரிப்பைக் காணோம்.

"நடுவுல எங்கயும் நிக்கலையா சார்?"

"ஒரு நிமிஷம்கூட நிக்கல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பன்னெண்டு பத்துக்கு?"

"நான் இங்கேயேதான் இருந்தேன் மேடம். ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

மேடம் தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அடியில் அவருடைய கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. 'ஆலையால்' என்ற கட்டத்தில் '12.10, இரண்டு நிமிடம்' என்று எழுதியிருந்தது. திருப்புளி அதை இரண்டு முறை படித்தார், ஒன்றும் விளங்கவில்லை.

மேடம் பேனாவைத் திறந்து, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"குழாய் ஒழுகுதுன்னு தண்ணி வால்வை மூடினதே நான்தானே சார்?"