பதினோராம் வெட்டுச் சுவர்

“தட்டுறாங்க, கேக்குதா? இன்னும் உசிரோடதான் இருக்காங்க. முடிச்சை அவுருய்யா.”

கெசியா பிக்காசின் கூர்முனையைப் பாம்ஃப்ரெட்டின் கோட்டுக் காலருக்குக் கீழே வைத்து அழுத்தினாள். அவர் அந்தச் சுரங்கத்தின் சுவர்க்கட்டுக்காரர்; ராஜாங்க உரிமம் பெற்ற மந்திரக்காரர். கீழே தீப்பிடித்தால் வழியைக் கல்லால் அடைப்பதற்கென்றே முதலாளி அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்.

காலை ஒன்பது மணிக்குத் தீப்பிடித்தது. உடனே வழி அடைபட்டுவிட்டது. இருநூறு பேர் மேலே வந்து சேர்ந்தார்கள். பதினோராம் வெட்டு என்ற சுரங்கக் கிளையில் வேலை செய்த ஒன்பது பேர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் சேத், கெசியாவின் தம்பி. பதினாறு வயது.

கெசியா மேலே நிலக்கரி பொறுக்கிக்கொண்டிருந்தவள், வேலைக் கோலத்திலேயே ஓடி வந்திருந்தாள். மரக்கட்டைச் செருப்பு, கால்சட்டை, கரித்தூள் படியாமல் விடியற்காலையில் நெற்றியிலிருந்து பிடரிவரை இறுக்கிக் கட்டிய துணி. அவள் பாம்ஃப்ரெட்டைச் சாராயக் கடையிலிருந்து இழுத்துவந்தபோது, சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்காரன் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டைக் கீழே இறக்கினான்.

“திறக்கக் கூடாது புள்ள. காத்து உள்ள போச்சுன்னா தீ வெளிய பாயும். நாம ரெண்டு பேரும் கருகிப்போவோம்.”

“கருகுவோம். எந்தம்பி உள்ள கருகறப்ப நீ மட்டும் பீர் குடிக்கலாமா?”

“சுவர் எழும்பலேன்னா இருநூறு பேரும் போயிருப்பாங்க.”

“அதை எங்கம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“மந்திர இலாகா ஆளுங்க பறக்கும் கப்பல்ல கிளம்பிட்டாங்க. நாளைக்கு வந்துடுவாங்க.”

“வந்து? சவப்பெட்டிக்கு அளவெடுக்கவா?”



சுவர்க்கட்டு முறை சுரங்கத்து ஊரில் எல்லாருக்கும் தெரியும். கட்டுகிறவன் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, முடிச்சுப் போட்டு, கல்லிடுக்கில் செருகி ஊதுவான். கல்லும் கல்லும் ஒட்டிக்கொள்ளும். முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அறுத்துவிட்டால் சுவர் சரிந்துவிடும்.

கெசியாவுக்கும் அந்த வித்தை கைவரும். உரிமம் இல்லாதவர்கள் செய்தால் ஜெயில். அவள் செய்ததெல்லாம் நரி வராமல் கோழிக்கூட்டுக் கதவைக் கட்டியதுதான். சேத்துக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். “நீ போட்ட முடிச்சைக் கோழியே தள்ளிட்டு வந்துடும்டா” என்று சிரிப்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஒரு கையில் பிக்காசு, மறு கையில் விளக்கு. கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு போனாள். பாம்ஃப்ரெட்டின் தலையில் மிச்சமிருந்தது காதோரத்து வெள்ளை முடி மட்டும். அவள் வெள்ளை முடியைத் தேடினாள். இடுப்பு உயரத்தில் ஒரு செம்பட்டை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. தன் தலையிலிருந்து விழுந்ததுதான் என்று புறங்கையால் தட்டிவிட்டாள். அது போகவில்லை. விளக்கை அடுத்த கல்லுக்கு நகர்த்தினாள்.

“சேத்! திறக்கிறோம்டா! கொஞ்சம் பொறுத்துக்கோ!”

உள்ளே தட்டல் திடீரென்று வேகமானது. மூன்று நான்கு பேர் சேர்ந்து அடிப்பதுபோல் சுவரே அதிர்ந்தது.

“கேட்டியா? எம்புட்டுச் சந்தோசம் பாரு அவங்களுக்கு.”

“வேணாம் புள்ள. விட்டுடு. செம்பட்டைத் தலைக் குடும்பத்துக்கே இந்தப் பிடிவாதம். உங்கப்பனும் இப்படித்தான்.”

“எங்கப்பன் பேரை எடுக்காத. நீ அடைச்ச இன்னொரு வெட்டுலதான் அவரும் கிடக்கிறார்.”



சுவர் முழுவதும் பார்த்து முடித்தாள். மறுபடி மேலிருந்து தொடங்கினாள். நகக்கண்ணெல்லாம் ரத்தம். கல் சூடேறிக்கொண்டே வந்தது. தட்டல் குறைந்து மூன்றாயிற்று, பிறகு இரண்டு. நெடுநேரம் கழித்து ஒன்று, ஏதோ துணியில் அடித்ததுபோல. அவள் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கன்னம் சுட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கெசியா திரும்பி, பிக்காசை இரண்டு கையாலும் ஓங்கினாள்.

“எங்கய்யா வச்சே? கடைசியாக் கேக்குறேன்.”

பாம்ஃப்ரெட் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நான் கட்டலைம்மா. தீன்னு வந்து எழுப்பினப்ப நான் கடையில குடிச்சிட்டுக் கிடந்தேன். தள்ளாடிக்கிட்டுக் கீழ வந்தா, சுவர் நிக்குது. மேனேஜர் நான்தான் கட்டினேன்னு நெனச்சு முதுகுல தட்டிக்கொடுத்தாரு. வேலை போயிடுமேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்.”

“பொய். பின்ன வேற யாரு கட்டுவா?”

“கட்டுறவன் நிக்கிற பக்கத்துலதான் முடிச்சு இருக்கும். உனக்கே தெரியுமே. இந்தப் பக்கம் பூராவும் நீ தேடிட்டியே.”

ஓங்கிய பிக்காசு கீழே இறங்கியது. விளக்கை எடுத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக் கல்லுக்கு வந்தாள். செம்பட்டை முடியின் நுனி கல்லிடுக்கிலிருந்து விரற்கடை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கெசியா தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். விடியற்காலையில் கட்டிய துணி, ஒற்றை முடியும் வெளியே தெரியாமல், கட்டிய இறுக்கத்திலேயே இருந்தது.

நுனியை விரலில் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். கோழிகூடத் தள்ளிவிடும் என்று அவள் சிரித்த அந்த முடிச்சு அசையவில்லை.