பழைய நாற்றம் வேண்டி ஒரு மனு

மூன்று முறை படித்த பிறகும் திருநாவுக்கரசுக்கு அந்த மனு விளங்கவில்லை.

‘ஐயா, எங்கள் ஊரில் நான்கு மாதமாக மல்லிகைப்பூ வாசனை வீசுகிறது. தயவுசெய்து பழைய நாற்றத்தையே திரும்பத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நான்காவது முறையும் படித்தார். மனு மாறவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து அரசு நடத்திக்கொண்டிருந்த சுற்றுச்சூழல் குறைதீர் முகாமில் எட்டாம் நம்பர் மேஜை அவருடையது. காலையிலிருந்து வந்த மனுக்களெல்லாம் மனு மாதிரி இருந்தன. நாறுகிறது, நிறுத்துங்கள். தண்ணீர் நுரைக்கிறது, நிறுத்துங்கள். வாங்கி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்றம் வேண்டும் என்று ஒருவர் வருவார் என அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

எதிரே நாற்காலி நுனியில் பிரிசில்லா உட்கார்ந்திருந்தாள். வீடு உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரசாயனக் கம்பெனியின் மதில்.

“பூ யாவாரமாம்மா?”

தொழில் போட்டியாக இருக்கலாம் அல்லவா.

“இல்ல சார். ஜாக்கெட் தைக்கிறேன்.”

அந்த வழியும் அடைபட்டது.

நறுமணத் திட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பத்து வருடமாக நாறுகிறது நாறுகிறது என்று ஊர்க்காரர்கள் எழுதிப் போட்டதற்குக் கம்பெனி கண்டுபிடித்த பதில் அது. மதில்மேல் வரிசையாகக் குழாய்கள். இருபத்து நாலு மணி நேரமும் மல்லிகை மணம் தெளிக்கும்.

தொடக்க விழாவில் வரவேற்புரை திருநாவுக்கரசுதான். சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் முடித்தவர் இருக்கும்போது மைக்கை வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ‘நாற்றம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நறுமணம் என்றே பொருள். இடையில் கெட்டுப்போன அந்தச் சொல்லுக்கு இன்று நாம் பழைய மானத்தை மீட்டுத் தந்திருக்கிறோம்’ என்று பேசினார். எம்.டி.யே எழுந்து வந்து பொன்னாடை போர்த்தினார்.

இப்போது சிக்கலே அங்கேதான். இந்தப் பெண் கேட்பது எந்த நாற்றம்? பழைய பொருளில் நாற்றம் என்றால் அது ஏற்கெனவே வீசிக்கொண்டிருக்கிறது. புதிய பொருளில் என்றால் அதைப் போய் எந்த மனிதப்பிறவி கேட்கும்?

“ஏம்மா, ஊரே மணக்குது. அதுல என்ன கொற?”

“நாறுனாதான சார் தெரியும்” என்றாள் பிரிசில்லா. “அழுவுன முட்ட நாத்தம் வந்தா ஜன்னல சாத்திக்குவோம். நெயில் பாலிஷ் நாத்தம்னா பாப்பா மூஞ்சில ஈரத்துணி. அதே பலாப்பழம் அழுவுனாப்புல வந்துச்சின்னா, அடுப்ப அணைச்சிட்டுப் புள்ளயத் தூக்கிகினு பஸ் ஏறிடுவோம். அவளுக்கு வீசிங்கு சார். அந்தப் பலாப்பழம் ஒருவாட்டி அவள ஆறு நாள் ஆஸ்பத்திரில போட்டுச்சி. இப்ப எது வந்தாலும் மல்லிதான் அடிக்கிது. நாங்க எப்ப ஓடுறது?”

“அதெல்லாம் இப்ப வர்றதே இல்லன்னு சொன்னாங்களே?”

“வருதா வரலயான்னுதான சார் தெரியல. போன மாசம் பாப்பாவுக்கு ரெண்டு வாட்டி இழுத்துச்சி. ரெண்டு வாட்டியும் நல்ல பூ வாசனை.”

திருநாவுக்கரசுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு குழப்பம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது.

கம்ப்யூட்டரில் மனுவை ஏற்ற இரண்டே கட்டங்கள் இருந்தன. ‘துர்நாற்றம்: புகார்.’ ‘நறுமணம்: பாராட்டு.’ மூன்றாவது ஒன்று தேவைப்படும் என்று சென்னையில் யாருக்கும் தோன்றவில்லை. புகார் என்று போட்டால், எங்கே துர்நாற்றம் என்று மேலே கேட்பார்கள். மனுவிலோ அவள் கைப்பட மல்லிகைப்பூ என்று எழுதியிருக்கிறாள். எழுதாததைத் தான் எழுத முடியுமா?

பாராட்டில் போட்டார்.

திரை பச்சையாக மாறி, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்றது.

அப்போது பிரிசில்லாவின் போன் அடித்தது. மண்டப இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். மாமியார் அமிர்தம்.

“இந்தாடி, பாப்பா வெளிய போய் வெளயாடணும்னு ஒரே அழுவ. வுடவா, கதவ சாத்தவா?”

“இப்ப எப்பிடி அத்தே இருக்கு?”

“எப்பிடி இருக்கும்? கும்முனு மணக்குது.”

மறுமுனையில் தாழ்ப்பாளை யாரோ சின்னக் கையால் ஆட்டும் சத்தம் கேட்டது.

பிரிசில்லா போனை மேஜைமேல் வைத்தாள். முத்திரைக் கட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்களே சொல்லுங்க சார். வுடலாமா?”

பின்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

திருநாவுக்கரசு மெல்லக் குனிந்து, அந்தப் போனை மோந்து பார்த்தார்.