சங்கிலி ஆணி

ரப்பர் தோட்டத்து லய வீட்டு வாசலில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. சாயும் வெயிலில் அதன் கம்பிகள் மின்னுகின்றன. "ஒன் வாளியாலதான்டி இந்தக் கேடு," என்கிறான் இந்திரகுமார், மனைவியை நிமிர்ந்தும் பார்க்காமல். தயாளினி கேரியரில் கட்டிக்கொண்டுபோகும் வாளியிலிருந்து சிந்திய ரப்பர் பால், சங்கிலியைப் பல் மாற்றும் கியருக்குள் இறுகிவிட்டது. புதுசு வாங்க வழியில்லை. கியரைக் கழற்றி வீசிவிட்டான். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களில் ஒன்றே ஒன்றில் சங்கிலியை நிரந்தரமாகப் பூட்டப் போகிறான். அவன் தேர்ந்திருப்பது ஆகச் சின்னதை. தெஹியோவிட்டயில் அவன் வேலை செய்யும் கடைக்குத் தார்ரோட்டில் பறக்க அதுதான் தோது. நிறைந்த வாளியோடு பால் நிறுக்கும் கொட்டகைக்கு மேடேற அது உதவாது.

"நான் எப்படிங்க ஏறுறது?" என்கிறாள்.

"தள்ளிக்கிட்டுப் போ."

சங்கிலியைக் குறுக்க அடித்த சுத்தியல் அடியில் அதன் ஆணி தெறித்து விழுகிறது. அரிசிமணி அளவுதான், ஆனால் அது இல்லாமல் சங்கிலி சேராது. ஈரமண்ணில் அது மின்னுவதை அவன் காண்பதற்குள் தயாளினி அதை மிதித்து மறைத்துக்கொள்கிறாள். அவன் மண்டியிட்டு, கிரீஸ் விரல்களால் மண்ணைத் துழாவித் துழாவி அவள் பாதத்தருகே வந்துசேர்கிறான். பக்கத்து வீட்டு ரேடியோ சிங்களத்தில் செய்தி வாசிக்கிறது. கணுக்காலைப் பிடித்து இழுக்கிறான். விரலிடுக்கில் பால் காய்ந்து வெளுத்த அந்தக் கால் அசையவில்லை.

"காலை எடுடி."

"பெரிசுல மாட்டுங்க. எடுக்குறேன்."