வெள்ளையைத் தனியா எடு

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், தண்ணீர் கொட்டும் பீலியடியில் துணிகளை ஊறவைத்து நிமிர்ந்தபோதுதான் புஷ்பராணிக்கு மறுபடியும் போன் வந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"வெள்ளையெல்லாம் ரோஸ் கலராயிடுச்சா? சிவப்புச் சட்டையோட சேத்துப் போட்டா வேற என்ன ஆகும்? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

மறுமுனையில் அழுகை.

"சரி, அழாத. வெள்ளையத் தனியா எடு. தூள் அரை மூடி போதும். மெஷின் கதவ நல்லாச் சாத்திட்டு மூணாவது பட்டன அமுக்கு. தண்ணி விழுற சத்தம் கேக்குதா? அவ்வளவுதான்!"

மறுமுனை இன்னும் ஏதோ கெஞ்சியது. புஷ்பராணி ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு வைத்தாள்.

பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த நிரஞ்சலா வாயைப் பிளந்தாள். "யாருக்கா அது? அரபியில இந்தப் போடு போடுறீங்க?"

"குவைத்துல ஒம்பது வருசம் வேலை செஞ்சேன்ல, அந்த வீட்டு மேடம். மெஷின் ஓட்டத் தெரியலையாம். டிக்கெட் அனுப்புறேன், திரும்பி வான்னு ஒரே அழுகை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க வீட்டுத் துணி ஊறிக்கிட்டு இருக்குன்னேன்."

மகளின் வெள்ளைச் சீருடையைத் தனியாக எடுத்து, கல்லில் ஓங்கி அடித்தாள் புஷ்பராணி.