முந்நூறு மீற்றர்

வாவிக்கரை வயல்வட்டைப் பாதையில், யுத்தநிறுத்தத்தை நம்பிக் கனடாவிலிருந்து வந்த கோணாமலை வாடகைக் குதிரையில் போகிறான். அதன் நெற்றியில் யார் வீட்டுக் கல்யாணச் சரிகையோ இன்னும் தொங்குகிறது. அவன் மடியில் வரைபடம், கையில் ஜிபிஎஸ் கருவி. அக்கா புஸ்பம் செருப்பில்லாமல் பின்னால் நடக்கிறாள். "நம்மட வீட்டு வளவு இன்னும் முந்நூறு மீற்றர்தான் அக்கா" என்கிறான், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். எதிரே, அந்த வளவையும் விழுங்கி நிற்கும் இராணுவ முகாமின் முள்ளுக்கம்பி வெயிலில் மினுங்குகிறது. காவலரணில் சிப்பாய் துவக்கை நிமிர்த்துகிறான். கோணாமலை கருவியைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டு, அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவ எந்தப் பக்கம் அக்கா புதைச்சீங்க?" என்கிறான். புஸ்பம் காறித் துப்புகிறாள். "சட்டைக்குள்ள ஒளிச்ச உன்ட பெட்டியக் கேளு. அண்டைக்குக் கம்பியும் இல்ல, நீயும் இல்ல."